வாங்காத ரிப்போர்ட்

அத்தியாயம் பதினொன்று

போன வாரம் டயர்க்காரரைக் கையில் பேனாவோடு உட்கார வைத்துவிட்டு வந்திருந்தோம். சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போடுவதா வேண்டாமா என்று பத்து நிமிஷம் முறைத்துக்கொண்டே இருந்தார். பிறகு போட்டுவிட்டார். போடாமல் என்ன செய்வார்? கல்லீரலில் கட்டி, மூன்று புள்ளி நாலு சென்டிமீட்டர். வெட்டி எடுத்துவிடலாம் என்றால், இளம் வயதில் வந்த காமாலைக் கிருமி உள்ளேயே குடியிருந்து கல்லீரலை இறுக வைத்திருக்கிறது. கத்தி வைத்தால் தாங்காது என்று அறுவை சிகிச்சை டாக்டர் கையை விரித்துவிட்டார். மிச்சம் இருந்த வழி சூடு.

விலாவுக்குக் கீழே ஒரு நீள ஊசியைச் செருகி, அதன் நுனியைக் கட்டிக்குள் கொண்டுபோய், அங்கேயே சூடேற்றிக் கட்டியைப் பொசுக்கிவிடுவது. அதைச் செய்கிற அம்மாளுக்கு இந்த வீட்டில் வைத்திருக்கும் பெயர் ஊசி டாக்டர்.

இந்த வாரம்தான் கதைக்குள் வருகிறவர்களுக்கு இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். டயர்க்காரருக்கு ஒரே ஒரு தம்பி. அதே ஆஸ்பத்திரியில் ஸ்கேன் மெஷினை இயக்குகிறவர். இருவரும் பேசி நாலு வருஷம் ஆகிறது.

அம்மா வயிற்று வலியோடு படுத்திருந்த சமயம், படத்தைப் பார்த்த தம்பி, "குடல் அடைச்சிருக்கு, இப்பவே பெரிய இடத்துக்குக் கொண்டு போகணும்" என்றார். அண்ணன் ஆஸ்பத்திரி நடைபாதையில், பத்து சொந்தக்காரர்கள் முன்னால், "நீ படம் பிடிக்கிறவன். டாக்டர் இல்லை. படத்தைப் பிடிச்சோமா, வாயை மூடிக்கிட்டு இருந்தோமான்னு இரு" என்றார். மூன்றாம் நாள் அம்மா இல்லை.

அன்றிலிருந்து தம்பி அண்ணன் சொல்லை அப்படியே கடைப்பிடித்தார். வாயை மூடிக்கொண்டே இருந்தார். இந்தக் குடும்பத்தில் எதற்குப் பஞ்சம் வந்தாலும் ரோஷத்துக்குப் பஞ்சம் வந்ததில்லை.

*

காலை ஏழு மணிக்கு ஊசி டாக்டர் வார்டுக்கு வந்தார். முதுகுப் பக்கம் நாடா கட்டிய பச்சை அங்கியில் டயர்க்காரர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். நாடாவில் ஒன்று அறுந்திருந்தது. அதனால் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு இருந்தார்.

"ராத்திரி ஒண்ணும் சாப்பிடலையே?"

"தண்ணிகூடக் கண்ணுல காட்டலை" என்றாள் மனைவி. இவளைத் தம்பி கூப்பிடுகிற முறையிலேயே நாமும் அண்ணி என்றே சொல்லி வருகிறோம்.

"எத்தனை டிகிரி டாக்டர்?" டயர்க்காரர் கேட்டார்.

"என்னது?"

"சூடு."

டாக்டர் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அறுபதைத் தாண்டினாலே அந்தச் செல் எல்லாம் செத்துடும். ஊசி நுனிகிட்ட நூறைத் தாண்டும்."

"எங்க பட்டறையில பழைய டயருக்குப் புது ரப்பர் ஒட்டி வேகவைக்க மூணு மணி நேரம் வேணும். எனக்கு எவ்வளவு நேரம்?"

"பத்து நிமிஷம். தேவைப்பட்டா இன்னொரு பத்து."

"பரவாயில்லை. டயரைவிட நான் மட்டம்தான்."

அண்ணிக்குச் சிரிப்பு வரவில்லை. டயர்க்காரர் அடுத்ததைக் கேட்டார். "ஓரம் வேகுமா? எங்க தொழில்ல நடுவுல எப்பவும் நல்லா ஒட்டிக்கும். பிரிஞ்சு வர்றது ஓரத்துலதான்."

டாக்டர் அவரை ஒரு தரம் நன்றாகப் பார்த்தார். "என்கிட்ட வந்தவங்கள்ல இதைக் கேட்ட முதல் ஆளு நீங்கதான். ஓரம்தான் எல்லாமே. கட்டியைச் சுத்தி நல்ல சதையும் அரை சென்டிமீட்டராவது வெந்திருக்கணும். இல்லைன்னா, மிச்சம் நிக்கிறது மறுபடி முளைக்கும்."

"என் அளவுக்கு அது நடக்குமா?"

"மூணு சென்டிமீட்டருக்குள்ள இருந்தா, வெட்டி எடுக்கிறதுக்குக் கிட்டத்தட்ட சமமா இது வேலை செய்யும். மூணைத் தாண்டத் தாண்ட மிச்சம் நிக்கிற வாய்ப்பு கூடும். உங்களுது கொஞ்சம் தாண்டியிருக்கு. போதாக்குறைக்கு ஒரு பக்கம் பெரிய ரத்தக்குழாய் ஓடுது. ஓடுற ரத்தம் சூட்டை வாரிக்கிட்டுப் போயிடும்."

"ஈர டயர்ல வேலை செய்யற மாதிரி."

"அப்படியே வச்சுக்கோங்க."

அண்ணி தயங்கித் தயங்கிக் கேட்டாள். "உயிருக்கு ஒண்ணும்..."

"ரொம்பக் குறைவும்மா. நூறு பேர்ல ரெண்டு மூணு பேருக்குப் பெரிய சிக்கல் வரலாம். ரத்தம் கசியலாம், சீழ் பிடிக்கலாம், பக்கத்துக் குடல்ல சூடு படலாம். அதையெல்லாம் பார்த்துக்கிட்டே போறதுக்குத்தான் ஸ்கேன் மெஷினுக்குள்ள வச்சே செய்யறோம்."

டயர்க்காரர் தலையை ஆட்டினார். ஸ்கேன் மெஷின் என்ற சொல் வந்ததும் முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். சன்னலுக்கு வெளியே துணி வெளுக்கும் கூடத்தின் சுவரைத் தவிர ஒன்றும் இல்லை. அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

*

கண்ணாடிக்கு இந்தப் பக்கம், மெஷின் அறையை ஒட்டிய சின்ன அறையில், தம்பி உட்கார்ந்திருந்தார். கூட வேலை பார்க்கிறவர் விடுப்பு. இன்னொருவர் கீழ்த் தளத்தில். இன்று இந்த நாற்காலியில் உட்கார இவரை விட்டால் ஆள் இல்லை.

திரையில் நோயாளி எண் கேட்டது.

அவர் கை விசைப்பலகையின் மேல் நின்றது. இதை நாம் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

ஆறு மாதத்துக்கு முன்னால் ஒரு நாள் டயர்க்காரர் இதே மெஷினில் படுத்திருந்தார். மேல் வயிற்றில் வலி, பட்டறைக்குப் பக்கத்து டாக்டர் எழுதிக் கொடுத்து அனுப்பியிருந்தார். பட்டியலில் பெயரைப் பார்த்த தம்பி எழுந்து உள்ளே போகவில்லை. உதவியாளரை விட்டுப் படுக்க வைத்தார். மூச்சை இழு, பிடி, விடு என்று சொல்வதற்கு மெஷினிலேயே ஒரு பெண் குரல் பதிந்து வைத்திருக்கிறார்கள். அதைப் போட்டுவிட்டார். அண்ணனுக்கும் தம்பிக்கும் நடுவில் யாரோ ஒருத்தி பேசினாள். வேலை முடிந்தது. எழுந்து போகும்போது டயர்க்காரர் கண்ணாடியைப் பார்த்தார். தம்பி திரையைப் பார்த்தார்.

இரண்டு நாளில் ரிப்போர்ட் வந்தது. ஒரு வாரமாகியும் வாங்க ஆள் வரவில்லை. கவுண்டரில் இருந்த பெண், "உங்க அண்ணன் கவர் இங்கேயே கிடக்கு சார், போறப்போ குடுத்துடுங்க" என்று நீட்டினாள். பதிவேட்டில் பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்துப் போட்டு வாங்கினார். அலமாரியில், சாப்பாட்டுப் பைக்கு அடியில் வைத்தார். அன்றிலிருந்து அது அங்கேதான் இருக்கிறது.

பிரித்துப் பார்க்கவில்லையா என்று கேட்டால், பிரிக்க வேண்டிய தேவையே இல்லை. படம் பிடித்தவருக்குப் படத்தில் இருப்பது தெரியாதா?

அண்ணனே வந்து கேட்கட்டும் என்று இருந்தார். ஒரு வார்த்தை, 'டேய், அது எங்கே?' என்று கேட்டிருந்தால் போதும், ஓடிப்போய்க் கொடுத்திருப்பார். அவர் கேட்கவில்லை. இவர் கொடுக்கவில்லை. ஒரு வாரம் ஒரு மாதம் ஆனது. மாதம் ஆறானது. மூன்று வாரத்துக்கு முன்னால் டயர்க்காரருக்குச் சாப்பாடு இறங்காமல் போக, தம்பி முகத்தில் விழிக்கக் கூடாது என்று எங்கேயோ தூரத்து ஊருக்குப் போய் ஸ்கேன் எடுத்தார். அந்தப் படம் பதிந்த சி.டி.யைக் கொண்டுவந்துதான் ஊசி டாக்டரிடம் காட்டினார்கள். பழைய ஸ்கேனைப் பற்றி டாக்டருக்கு ஒன்றும் தெரியாது.

இப்போது புது எண் ஒன்று போட்டால் பழைய படம் வராது. யாரும் கேட்கப் போவதில்லை. பதினெட்டு வருஷ வேலை பத்திரமாக இருக்கும்.

பழைய எண்ணைப் போட்டால் வந்துவிடும்.

தம்பி பழைய எண்ணைத்தான் போட்டார். நல்லவர் என்பதால் இல்லை. முன்பு கட்டி எந்தப் பக்கம் இருந்தது, எந்தப் பக்கமாக வளர்ந்தது என்று தெரிந்தால் ஊசியை எங்கே நிறுத்துவது என்று டாக்டருக்குப் பிடிபடும். கட்டியின் ஓரத்து அருமை தம்பிக்கும் தெரியும்.

*

கையுறையை மாட்டிக்கொண்டே வந்த டாக்டர் திரைக்கு முன்னால் நின்றார்.

"இது என்ன, பழசு?"

"ஆமா டாக்டர்."

"எப்ப எடுத்தது?"

"ஆறு மாசம் ஆச்சு."

டாக்டர் குனிந்து அளவைப் பார்த்தார். "ரெண்டு புள்ளி ஒண்ணு." பிறகு கட்டிக்கும் ரத்தக்குழாய்க்கும் நடுவே கோடு இழுத்தார். "ஒண்ணரை சென்டிமீட்டர் தள்ளி இருந்திருக்கு. அப்பவே வந்திருந்தா நிம்மதியா முடிச்சு அனுப்பியிருப்பேனே. இப்ப குழாயைத் தொட்டுடற தூரத்துல வந்து நிக்குது. ரிப்போர்ட்டை வாங்கிட்டு வீட்டுல வச்சுக்கிட்டா இருந்தாங்க? வாங்கினாங்களான்னு பாருங்க."

தம்பி பார்க்கவில்லை. "வாங்கினதாத்தான் இருக்கும். ஆனா அவங்க வாங்கலை. கையெழுத்து என்னோடது."

"உங்களோடதா? நீங்க எதுக்கு வாங்கினீங்க?"

"நான் அவர் தம்பி."

டாக்டர் கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தார். மேஜையில் மல்லாந்து கிடந்த ஆளின் மூக்கையும், பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரின் மூக்கையும் ஒப்பிட்டது போல இருந்தது. அப்புறம் மெதுவாகச் சொன்னார்.

"உங்களைப் பார்க்கவே பிடிக்கலை."

"சரி டாக்டர்."

"வேற ஆள் இருக்காங்களா?"

"இல்லை."

"கை நடுங்குமா?"

"நடுங்காது."

"முடிஞ்சதும் பேசறேன். நாளைக்குக் காலைல ஒன்பது மணிக்குள்ள நடந்ததை எழுதி என் மேஜைல வைக்கணும். எழுதறப்போ வார்த்தையை மென்னு முழுங்கக் கூடாது." கதவைத் திறந்தவர் திரும்பினார். "அந்தப் பதிவுக் குரலைப் போடாதீங்க. ஊசி நகரும்போதெல்லாம் நான் சொல்ற நேரத்துக்கு மூச்சு நிக்கணும். நீங்களே மைக்குல சொல்லுங்க."

தம்பி மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். நாலு வருஷமாக மூடிய வாய்.

அரை மயக்க மருந்து ஏற்றிவிட்டார்கள். முழு மயக்கம் இல்லை, சொன்னால் கேட்கும். விலாவுக்குக் கீழே மரத்துப்போக ஊசி போட்டு, டாக்டர் கையை உயர்த்தினார்.

தம்பி மைக் பொத்தானை அமுக்கினார்.

"மூச்சை இழுங்க."

மேஜையில் கிடந்தவரின் கால் விரல்கள் அசைந்தன. அவ்வளவுதான். நெஞ்சு எழும்பியது.

"பிடிங்க."

நின்றது.

"விடுங்க."

இறங்கியது.

பதினான்கு முறை. ஊசி ஒவ்வொரு அரை விரற்கடை உள்ளே போகும்போதும் அதே மூன்று சொல். ஒரு முறைகூட டயர்க்காரர் தப்பு செய்யவில்லை. சொன்ன இடத்தில் இழுத்தார், சொன்ன இடத்தில் நிறுத்தினார். தம்பி பேச்சை அண்ணன் தட்டாமல் கேட்ட ஒரே நாள் அதுதான். இதையே அம்மா படுத்திருந்த அன்று கேட்டிருந்தால் என்று தம்பிக்குத் தோன்றாமல் இல்லை. அந்த நேரத்திலும் தோன்றியது. மனசு அப்படிப்பட்டது.

நுனி கட்டியின் நடுவில் போய் நின்றதும் வலிக்கு இன்னும் மருந்து ஏற்றிவிட்டு சூட்டை முடுக்கினார்கள். பத்து நிமிஷம். திரையில் கட்டியைச் சுற்றிச் சின்னச் சின்னக் குமிழிகள் கிளம்பின. டயர்க்காரர் ஒரு தரம் முனகினார். தம்பி மைக்கைத் தொடவில்லை. சொல்வதற்கு வேறு சொல் எதுவும் அவரிடம் இல்லை.

டாக்டர் ஊசியைச் சற்று இழுத்து, குழாய்ப் பக்கமாகச் சாய்த்து, மறுபடி ஒரு பத்து நிமிஷம் வைத்தார். அந்த இடம் பழைய படத்தைப் பார்த்து முடிவு செய்தது.

*

பகல் பன்னிரண்டரைக்கு டாக்டர் வெளியே வந்தார். நடைபாதையில் ஒன்றோடொன்று பூட்டிய பிளாஸ்டிக் நாற்காலிகளில் அண்ணி ஒரு ஓரமாக இருந்தாள். மடித்த போர்வையும் கைப்பையும் மடியில்.

"பாதுகாப்பா முடிஞ்சுதும்மா. ரத்தம் கசியலை. குடல்லயோ பித்தப்பையிலயோ சூடு படலை. ரெண்டு மூணு நாள் காய்ச்சல் அடிக்கும், வலது தோள்ல வலி இருக்கும். பயப்படாதீங்க, அது இதோட சேர்ந்ததுதான்."

"கட்டி?"

"வெந்திருக்கு. மூணு பக்கம் ஓரம் நல்லா வந்திருக்கு. குழாய்ப் பக்கம் மூணு மில்லிமீட்டர்தான் கிடைச்சுது."

"அது போதுமா டாக்டர்?"

"போதும்னும் சொல்ல மாட்டேன், போதாதுன்னும் சொல்ல மாட்டேன். ஒரு மாசம் கழிச்சு மருந்து ஏத்தி ஸ்கேன் எடுப்போம். அதுல அந்த ஓரம் ஒளிர்ந்தா மிச்சம் இருக்குன்னு அர்த்தம். இருந்தா மறுபடி சுடலாம்." டாக்டர் கொஞ்சம் நிறுத்தினார். "இன்னொரு விஷயம் இருக்கு. உங்க கொழுந்தனார் தானே வந்து சொல்றேன்னு கேட்டுக்கிட்டார்."

"அவரா? எங்ககிட்ட அவர் பேசமாட்டாரே."

"இன்னைக்குப் பேசுவார்" என்று சொல்லிவிட்டு டாக்டர் போய்விட்டார்.

தம்பி தண்ணீர் மெஷினுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். கையில் பழுப்பு நிறக் கவர். சாப்பாட்டுப் பைக்கு அடியில் கிடந்து அதில் எண்ணெய்க் கறை ஏறியிருந்தது.

"அண்ணி."

அவள் அண்ணாந்து பார்த்தாள். இவன் பள்ளிக்கூடம் போகிற வயசில் அவள் இந்த வீட்டுக்கு வந்தவள்.

"உக்காரு."

உட்காரவில்லை. கவரை நீட்டினார். அவள் பிரித்தாள். அவளுக்கு அந்த நீளச் சொற்கள் புரியாது. எண் புரியும். தேதி நன்றாகவே புரியும்.

தேதியின் மேல் விரலை வைத்தாள்.

"வாயுன்னு சொன்னாரே" என்றாள். "ஸ்கேன்ல ஒண்ணுமில்லைன்னுட்டாங்க, வாயுதான்னு சொன்னாரே."

"அவர் வாங்கவே வரலை அண்ணி."

"நீ வச்சிருந்தியா?"

"ஆமா."

"ஆறு மாசமா?"

"ஆமா."

"தெரிஞ்சே?"

தம்பி கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டார்.

"பகையாளிகூட ஒரு துண்டுச் சீட்டுல எழுதிப் போட்டிருப்பான்டா" என்றாள். குரல் உயரவில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. "இந்த எண்ணெய்க் கறையைப் பாரு. நீ டிபன் டப்பாவுக்கு அடியில வச்சுக்கிட்டுச் சாப்பிட்டிருக்கே."

"போன் பண்ணேன் அண்ணி. உங்களுக்கு. ரெண்டு தடவை."

அண்ணியின் கை கவரின் மேல் நின்றது.

பண்ணினான்தான். முதல் தடவை கணவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். திரையில் பெயரைப் பார்த்ததும் அவசரமாகக் கட் பண்ணினாள். மறுநாள் மறுபடி வந்தது. எதற்கு வம்பு, வீட்டில் இருக்கிற கொஞ்சநஞ்ச நிம்மதியும் போய்விடும் என்று அந்த எண் இனி வராதபடி போனில் அடைத்தே வைத்துவிட்டாள். இத்தனை நாளும் அதை அவள் ஒரு தப்பாக நினைத்தது கிடையாது. குடும்பத்தைக் காப்பாற்றியதாகத்தான் நினைத்திருந்தாள்.

"மூணாவது தடவை பண்ணியிருக்கலாமே" என்றாள்.

"நீங்க எடுத்திருக்கலாமே."

"வீட்டு வாசல்ல வந்து விட்டெறிஞ்சிட்டுப் போயிருக்கலாமே."

"வாயை மூடிக்கிட்டு இருன்னாரு."

"இருந்தே இல்ல? நல்லா இருந்தே. அவர் ஒரு நாள் கோபத்துல சொன்னதை நீ இத்தனை வருஷம் பத்திரமா வச்சிருந்து, வட்டியும் முதலுமாத் திருப்பிக் குடுத்துட்டே." அவள் கவரை நாலாக மடித்துக் கைப்பையின் அடியில் வைத்தாள். "என் பங்கும் இதுல இருக்கு. நான் இல்லைன்னு சொல்லலை. ஆனா அவர்கிட்ட இதைச் சொல்லிடாதே. தெரிஞ்சா அந்த ஆளு கட்டியால சாகமாட்டார், கோபத்தாலயே போயிடுவார்."

"சொல்லணும் அண்ணி."

"எதுக்கு? உன் நெஞ்சு லேசாகறதுக்கா?"

தம்பி முகத்தைத் துடைத்துக்கொண்டார். அடுத்த நோயாளியைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்தார்கள். அவர் உள்ளே போனார். கதவு மூடிக்கொண்டது. சற்று நேரத்தில் பதிவு செய்த அந்தப் பெண் குரல் யாரையோ மூச்சை இழுக்கச் சொல்வது வெளியே மெலிதாகக் கேட்டது.

*

மாலை ஐந்து மணிக்கு டயர்க்காரர் நன்றாகக் கண்ணைத் திறந்தார். உடம்பு கொதித்தது. டாக்டர் சொன்னபடியே வலது தோளைப் பிடித்துக்கொண்டு முகத்தைச் சுளித்தார்.

"சுட்டது வயித்துல. வலிக்கிறது தோள்ல. விசித்திரமான உடம்பு."

"பேசாம படுங்க. அப்படித்தான் இருக்குமாம்."

"ஓரம் வெந்துச்சா?"

"மூணு பக்கம் நல்லா வெந்திருக்காம்."

"நாலாவது?"

அண்ணி ஈரத் துணியைப் பிழிந்து நெற்றியில் போட்டாள். "ஒரு மாசம் கழிச்சு ஸ்கேன் எடுத்துப் பார்க்கணுமாம்."

அவர் விட்டத்தைப் பார்த்தார். பட்டறையில் வேலை கொடுத்தவர்களிடம் அவரும் இப்படித்தான் சொல்வார். ஆயிரம் மைல் ஓட்டிட்டு வாங்க, அப்பத்தான் தெரியும். அந்தப் பதிலை வாங்கிக்கொள்கிற பக்கம் இப்படி இருக்கும் என்று அவருக்கு இன்றுதான் தெரிந்தது.

"இன்னைக்கு அந்தப் பொம்பளைக் குரல் வரலை" என்றார்.

"எந்தப் பொம்பளை?"

"மெஷின்ல பேசுவா. மூச்சை இழுன்னு. இன்னைக்கு அவ இல்லை."

அண்ணி துணியை மறுபடி தண்ணீரில் நனைத்தாள். நனைத்த துணியையே நனைத்துக்கொண்டிருந்தாள்.

"அடுத்த ஸ்கேனையும் இங்கயே எடுத்துடலாம்" என்றார் அவர். "தூரமெல்லாம் அலைய வேண்டாம். ஆனா இந்தத் தடவை ரிப்போர்ட்டை நீ போய் வாங்கிடு."

அவள் கை பாத்திரத்திலேயே நின்றுவிட்டது.

"இந்தத் தடவைன்னா?"

"போன தடவை வாங்கலை. உன்கிட்ட ஒண்ணுமில்லைன்னுட்டாங்கன்னு சும்மா சொன்னேன்." அவர் இன்னும் விட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஒரு வாரம் கழிச்சு கவுண்டருக்குப் போன் பண்ணேன். உங்க தம்பி வாங்கிட்டாருங்கன்னா அந்தப் பொண்ணு. சரி, கொண்டுவருவான்னு பார்த்தேன். கூடப் பிறந்தவன்தானே, எத்தனை நாளைக்கு முறுக்கிக்கிட்டு இருப்பான், இந்த ஒரு சாக்குலயாவது வாசப்படி ஏறுவான்னு பார்த்தேன். பெருசா ஏதாவது இருந்தா அன்னைக்கே ஓடி வந்திருப்பான். வரலைன்னதும் ஒண்ணுமில்லைன்னே நினைச்சுக்கிட்டேன்."

அண்ணிக்கு ஒரு கணம் அந்த ஆளை அப்படியே உலுக்க வேண்டும் போல இருந்தது. அடுத்த கணம் அழ வேண்டும் போல இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. கட்டிலுக்கு அடியில் அவள் கால் பக்கத்தில் கைப்பை இருந்தது. காலால் அதை மெல்ல உள்ளே தள்ளினாள்.

"அவன் இன்னைக்கு உன்கிட்ட பேசியிருப்பானே. அதுல என்னதான் எழுதியிருந்துச்சு?" என்று கேட்டார் டயர்க்காரர். "ஒண்ணுமில்லைன்னுதானே?"

அவள் வாயைத் திறந்தாள். ஆமாங்க, ஒண்ணுமில்லைதான் என்று சொல்லிவிட்டால் இன்றைய பொழுது தப்பிவிடும். இன்னும் ஒரு மாதமும் தப்பலாம். நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

"ரெண்டு புள்ளி ஒண்ணு, அண்ணா."

குரல் கதவுப் பக்கம் இருந்து வந்தது. வேலை முடிந்து, சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தம்பி நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ.

டயர்க்காரர் தலையைத் திருப்பவில்லை. "இப்ப?" என்றார்.

"மூணு புள்ளி நாலு."

"அந்தக் குழாய் அப்பவும் பக்கத்துலதான் இருந்துச்சா?"

"இல்லைண்ணா. தள்ளி இருந்துச்சு. அப்ப வந்திருந்தா சுத்தி நாலு பக்கமும் வெந்திருக்கும்."

வாழ்நாள் முழுக்க ஓரத்தைத் தடவிப் பார்த்தே தொழில் செய்தவர். யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. காய்ச்சலில் சிவந்திருந்த முகம் மெல்ல மெல்ல வெளுத்தது. போர்வைக்குள் அவர் நெஞ்சு ஒரு தரம் எழும்பி, அப்படியே நின்றது.

அவரை மூச்சைப் பிடிக்கச் சொன்னவர்கள் யாரும் இல்லை. விடச் சொல்ல அந்த அறையில் இருந்த இரண்டு பேருக்கும் வாய் வரவில்லை.